பிரேக்ஃபாஸ்ட் கவுண்டர் போடும் முன் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

'சமையலறையைப் புதுப்பிக்கப் போகிறோம். வீட்டில் நாலு பேர், காலையில் ஆளுக்கொரு நேரம், பாதிப் பேர் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு ஓடுகிறோம். ஒரு பிரேக்ஃபாஸ்ட் கவுண்டர் போட்டால் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் வருமா? போடுவதென்றால் என்ன உயரம், எத்தனை ஸ்டூல், மேலே என்ன கல்?' இதுதான் கேள்வி. சமையலறை வடிவமைப்பில் பல வருஷமாக இருக்கிறேன், இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் நிறையக் கேட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: வராது. ஆறரை மணிக்கு வாசலில் செருப்பு மாட்டுகிறவரையும் எட்டு மணிக்குக் கண் விழிக்கிறவரையும் எந்தக் கல்லும் ஒரே நேரத்தில் உட்கார வைக்காது. கவுண்டரால் முடிவது வேறு ஒன்று. நின்றபடி விழுங்கிவிட்டுப் போகிறவரைப் பத்து நிமிஷம் உட்கார வைக்கும், அதுவும் சமைக்கிறவருக்கு எதிரே, முகம் பார்த்து நாலு வார்த்தை பேசும்படி. அது போதும் என்றால் போடுங்கள். எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டே ஜூஸ் குடிக்கும் விளம்பரப் படம்தான் மனதில் இருக்கிறது என்றால், அந்தப் பணத்தில் ஒரு நல்ல சாப்பாட்டு மேசை வாங்கிவிடலாம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் வீட்டுக்கு நான் போட்ட முதல் கவுண்டர் 107 செ.மீ. உயரம், நாலு ஸ்டூல், பார்க்க அவ்வளவு அழகு. அம்மாவுக்கு முழங்கால் வலி, அந்த ஸ்டூல் பக்கமே போக மாட்டார். சின்னவன் ஏறிவிடுவான், இறங்கத் தெரியாமல் கத்துவான். மனைவி நின்றுகொண்டு காபி குடிப்பதை விடவே இல்லை. மிச்சம் நான் ஒருவன். ஆறு மாதத்தில் அது பள்ளிப் பைகளும் மடிக்காத துணியும் வந்து குவியும் இடமாகிவிட்டது. ஊருக்கெல்லாம் அளவு சொல்கிறவன் சொந்த வீட்டில் கோட்டை விட்டதுதான் மிச்சம். அப்புறம் மேல் கல்லைக் கழற்றி, அடியில் இருந்த சுவரை உடைத்து 76 செ.மீ.க்கு இறக்கி, ஸ்டூல்களை எடுத்துவிட்டு சாதாரண நாற்காலி இரண்டு போட்டேன். அதற்குப் பிறகுதான் அம்மா காலையில் அங்கே வந்து உட்கார ஆரம்பித்தார், அவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் தானாக வந்தார்கள். இரண்டு நாற்காலிதான், ஆனால் அது ஒருநாளும் காலியாகக் கிடப்பதில்லை.

அதனால் படம் வரைவதற்கு முன்னால் ஒரு வேலை. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, ஒரு வாரம் காலையில் நடப்பதை எழுதுங்கள். யார், எத்தனை மணிக்கு, எங்கே நின்று அல்லது உட்கார்ந்து, எத்தனை நிமிஷம், கையில் தட்டா கோப்பையா போனா, அந்த நேரத்தில் அடுப்புக்கு முன்னால் யார் இருந்தார்கள். விடுமுறை நாளைத் தனியாக எழுதுங்கள், அன்றைய காலை வேறு ஜாதி. யாரையும் மாறச் சொல்லாதீர்கள், 'இந்த வாரம் எல்லாரும் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிடணும்' என்று ஆரம்பித்தால் கணக்கு கெட்டுவிடும்.

வாரக் கடைசியில் அந்தத் தாளைப் பார்த்தால் சில விஷயங்கள் பளிச்சென்று தெரியும். ஒன்று, ஒரே நேரத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கை வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருக்கும். நாலு பேர் வீட்டில் பெரும்பாலும் அது இரண்டுதான். கவுண்டரில் எத்தனை இருக்கை என்பதை அந்த எண்தான் முடிவு செய்ய வேண்டும், ரேஷன் கார்டில் உள்ள தலைக்கணக்கு இல்லை. இன்னொன்று, நிற்பவர்கள் எங்கே பார்த்தாலும் நிற்பதில்லை, குறிப்பிட்ட இடத்தில்தான் நிற்கிறார்கள்: கெட்டில் பக்கம், ஃபிரிட்ஜ் பக்கம், வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கம், அல்லது போன் சார்ஜர் இருக்கும் மூலை. கவுண்டர் அந்த இடத்தில் வந்தால் ஆள் வருவார்கள். வடிவமைப்பாளருக்கு வசதியான வேறு மூலையில் வந்தால் ஆள் பழைய இடத்திலேயே நிற்பார்கள், கவுண்டர் பை வைக்கப் பயன்படும்.

இன்னொரு முக்கியமான பிரிவும் அந்தத் தாளில் தெரியும். சில வீட்டுக் காலை உணவு அடுப்பிலிருந்து சுடச்சுட ஒவ்வொன்றாகத் தட்டுக்கு வரும். சில வீட்டில் டப்பாவைத் திறந்து, பாலை ஊற்றி, பழத்தை நறுக்கி ஆளாளுக்குத் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் ஒரே கவுண்டர் சரிவராது. முதல் வகையில் கவுண்டர் அடுப்பிலிருந்து இரண்டு எட்டுக்குள் இருக்க வேண்டும், சமைக்கிறவர் திரும்பித் தட்டில் வைத்துவிடும் தூரம். இரண்டாவது வகையில் கவுண்டர் ஃபிரிட்ஜுக்கும் தட்டு அலமாரிக்கும் பக்கத்தில், அடுப்பை விட்டு விலகி இருப்பதுதான் நல்லது, அப்போதுதான் மதியத்துக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறவரின் குறுக்கே யாரும் போக மாட்டார்கள்.

நடுவில் ஒரு பேச்சு. 'காலையில் சாப்பிடாமல் போகிறானே, கவுண்டர் போட்டாலாவது சாப்பிடுவானா' என்று கேட்கிற பெற்றோர் உண்டு, மனைவிமார் உண்டு. காலை உணவுதான் நாளிலேயே முக்கியமான உணவு என்ற வாக்கியம் பரவியதில் ஒரு பங்கு, கார்ன்ஃப்ளேக்ஸ் புகழ் ஜான் ஹார்வி கெலாக் ஆசிரியராக இருந்த 'குட் ஹெல்த்' பத்திரிகையில் 1917-இல் வந்த ஒரு கட்டுரைக்கு உண்டு. 2019-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் 13 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், காலையில் சாப்பிட்டவர்கள் அதைத் தவிர்த்தவர்களைவிட நாளுக்குச் சராசரியாக 260 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் குறையவில்லை என்று வந்தது. அவை பெரியவர்களை வைத்துச் செய்த சோதனைகள், பெரும்பாலானவற்றின் தரம் குறைவு என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். வளரும் குழந்தைக்கும் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்கும் இந்தக் கணக்கைப் பொருத்த வேண்டாம், அதை மருத்துவரிடம் கேளுங்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: காலையில் பசிக்காத பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால் அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டு வற்புறுத்த வேண்டாம். காபி குடிக்க அவர் நிற்கும் இடத்தைச் சௌகரியமாக்கினால் போதும்.

சரி, உயரத்துக்கு வருவோம். பாதிப் பேர் தவறு செய்வது இங்கேதான்.

மூன்று உயரங்கள் உண்டு. சாப்பாட்டு மேசை உயரம் சுமார் 76 செ.மீ. (30 அங்குலம்), சமையல் மேடை உயரம் சுமார் 91 செ.மீ. (36 அங்குலம்), பார் உயரம் சுமார் 107 செ.மீ. (42 அங்குலம்). உட்காரும் பலகைக்கும் கவுண்டரின் மேற்பரப்புக்கும் நடுவே 25 முதல் 30 செ.மீ. இடைவெளி வேண்டும். அதற்குக் குறைந்தால் தொடை இடிக்கும், கூடினால் குழந்தை மாதிரி கையைத் தூக்கி வைத்துச் சாப்பிட வேண்டும். ஆகவே 76-க்கு 45 செ.மீ. நாற்காலி, 91-க்கு 61 முதல் 66 வரை உள்ள ஸ்டூல், 107-க்கு 76-க்கு மேல் உள்ள ஸ்டூல். 'பார் ஸ்டூல்' என்று மொத்தமாக விற்பதில் இரண்டு உயரமும் கலந்து கிடக்கும், அளவு நாடா இல்லாமல் வாங்கப் போகாதீர்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது முழங்கால் இடம். வட அமெரிக்காவில் சமையலறை வடிவமைப்பாளர்கள் பின்பற்றும் என்கேபிஏ (அங்குள்ள தேசிய சமையலறை, குளியலறைச் சங்கம்) வழிகாட்டுதல் இதற்குக் கணக்கு சொல்கிறது: 76 செ.மீ. உயரக் கவுண்டருக்கு அடியில் 46 செ.மீ. ஆழம், 91-க்கு 38, 107-க்கு 30. உயரம் கூடக் கூட ஆழம் ஏன் குறைகிறது என்றால், தாழ்ந்த நாற்காலியில் கால் முன்னால் நீளும், உயர்ந்த ஸ்டூலில் கால் கீழே தொங்கும். அழகுக்காகக் கல்லை 15 செ.மீ. மட்டும் வெளியே நீட்டி 'இதுதான் கவுண்டர்' என்று கொடுத்துவிடுவார்கள். அதில் உட்கார்ந்தால் முழங்கால் அலமாரிக் கதவில் முட்டும், ஒருக்களித்து உட்கார வேண்டும், ஒரு மாதத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

மூன்றில் எது? என் அபிப்பிராயத்தைக் கேட்டால் 107-ஐ மறந்துவிடுங்கள். அதற்கு ஒரே ஒரு நல்ல காரணம்தான் உண்டு: சிங்க்கும் பாத்திரக் குவியலும் கூடத்திலிருந்து கண்ணில் படாமல் மறைக்கும். அந்த ஒன்றுக்காகக் குழந்தையையும் முதியவரையும் வெளியே நிறுத்துவது நியாயமில்லை. 91 என்றால் சமையல் மேடையும் கவுண்டரும் ஒரே மட்டம், ஒரே கல், மாவு உருட்டலாம், காய் நறுக்கலாம், விருந்தாளி வந்தால் பாத்திரங்களை வரிசையாக வைக்கலாம், நின்றுகொண்டு காபி குடிக்கிறவருக்கும் உயரம் பொருந்தும். நிற்கிறவர்களும் உட்காருகிறவர்களும் கலந்த வீட்டுக்கு அதுதான் சரி. 76 என்பது வயதானவர், சின்னக் குழந்தை, சக்கர நாற்காலி உள்ள வீட்டுக்கு. சக்கர நாற்காலி உள்ளே போக அடியில் 69 செ.மீ. உயரமும் 76 செ.மீ. அகலமும் 48 செ.மீ. ஆழமும் தடையில்லாமல் வேண்டும், 76 செ.மீ. கவுண்டரில் பலகை 4 செ.மீ. தடிமன் இருந்தாலும் இது கிடைத்துவிடும். மேடையின் முனையில் ஒரு படி இறக்கி 76-இல் ஒரு சின்ன நாக்கு மாதிரி நீட்டுவதும் உண்டு, இடம் இருந்தால் எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

அகலம் சுலபம். ஆளுக்கு 60 செ.மீ., கை வைத்த அல்லது சுழலும் ஸ்டூல் என்றால் 70. இரண்டு பேருக்கு 120, மூன்று பேருக்கு 180. எல் வடிவத்தில் மூலையில் ஆளை உட்கார வைத்தால் இருவர் முழங்காலும் ஒன்றோடொன்று மோதும், மூலையைக் காலியாக விடுங்கள்.

கஷ்டம் இருக்கைக்குப் பின்னால் உள்ள இடத்தில்தான். கவுண்டர் விளிம்பிலிருந்து பின்னால் உள்ள சுவர் அல்லது அலமாரி வரை, அந்த வழியாக யாரும் நடக்காவிட்டால் 80 செ.மீ. போதும், ஆள் ஒதுங்கி நுழைந்து போக 90 செ.மீ. வேண்டும், சாதாரணமாக நடந்து போக 110 செ.மீ. வேண்டும். சமைக்கிற பக்கத்தில் ஒருவர் வேலை செய்ய 105 செ.மீ., இருவர் என்றால் 120. இதையெல்லாம் கூட்டிப் பார்ப்போம். சுவரோரச் சமையல் மேடை 60, நடுவில் நடை 105, எதிரே கவுண்டரின் அலமாரி 60, அதற்கு வெளியே நீளும் பலகை 38, அதற்குப் பின்னால் நடக்க 110. மொத்தம் 373 செ.மீ., ஏறக்குறைய 12¼ அடி. பின்னால் நடமாட்டமே இல்லை என்றாலும் 343. உங்கள் சமையலறை, அல்லது சமையலறையும் அதோடு திறந்திருக்கும் கூடமும் சேர்ந்து, இந்த அளவுக்கு வராவிட்டால் தனித் திட்டு மாதிரியான கவுண்டர் வேண்டாம். நடையை 80 ஆக்கி நுழைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், பாத்திரம் கழுவும் மெஷின் கதவையோ ஓவன் கதவையோ திறந்து வைத்துக்கொண்டு அந்த 80-க்குள் ஒருமுறை குனிந்து நிமிர்ந்து காட்டச் சொல்லுங்கள்.

இடம் இல்லாதவர்களுக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஜன்னல் அல்லது வெற்றுச் சுவரை ஒட்டி 40 செ.மீ. ஆழத்தில் ஒரு பலகை, அடியில் அலமாரி எதுவும் இல்லாமல், இரண்டு பேருக்குப் போதும். ஒரு தட்டும் ஒரு கோப்பையும் வைக்க 40 செ.மீ. தாராளம். அதுவும் முடியாவிட்டால் கீல் வைத்து மடக்கும் பலகை, வேண்டும்போது தூக்கி வேண்டாதபோது இறக்கிவிடலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை, மடக்கும் பலகையைத் தினமும் யாரும் மடக்க மாட்டார்கள். விரித்தபடியே கிடக்கும் என்று வைத்துக்கொண்டு, அப்போதும் வழி மறிக்காத இடத்தில் மாட்டுங்கள். சுவர் செங்கல் சுவரா, ஜிப்சம் தடுப்பா என்பதையும் பார்த்துவிடுங்கள். தடுப்பில் மாட்டினால் உள்ளே இருக்கும் சட்டத்தில்தான் திருகு ஏற வேண்டும், வெறும் போர்டில் ஏற்றினால் யாராவது முழங்கையை ஊன்றிய நாளில் கையோடு வந்துவிடும்.

சின்ன சமையலறை என்று வருத்தப்படுகிறவர்களுக்கு நான் சொல்கிற உதாரணம் 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்ஃபர்ட் சமையலறை. 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அவ்வளவே. ஜன்னலடியில் வேலை மேசை, அதற்கு ஒரு சுழலும் ஸ்டூல். ஆனால் அந்த ஸ்டூல் சமைக்கிறவர் உட்கார்ந்து வேலை செய்வதற்கு, சாப்பிடுவதற்கு இல்லை. சாப்பாடு பக்கத்து அறையில், நடுவில் ஒரு தள்ளு கதவு. சமைக்கும் இடமும் சாப்பிடும் இடமும் கலக்கக் கூடாது என்று அன்றைக்கு முனைந்து பிரித்தார்கள், இன்றைக்கு நாம் காசு கொடுத்துச் சுவரை இடித்துத் திரும்பச் சேர்க்கிறோம். அந்த வடிவமைப்பில் இன்றும் எடுத்துக்கொள்ளலாம் என்று நான் நினைப்பது, சமைக்கிறவர் எத்தனை அடி வீணாக நடக்கிறார் என்று எண்ணிப் பார்த்து இடம் ஒதுக்கியதுதான்.

அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் முக்கோணக் கணக்கும் அந்தச் சிந்தனையின் தொடர்ச்சிதான். 1940-களில் இலினாய் பல்கலைக்கழகத்தில் அதற்கு வடிவம் கொடுத்தார்கள்: ஒவ்வொரு பக்கமும் 1.2 முதல் 2.7 மீட்டர், மூன்றும் சேர்ந்து 7.9 மீட்டருக்குள். அந்த அளவுகளை அப்படியே பிடித்துத் தொங்க வேண்டாம். கவுண்டர் அந்த முக்கோணத்தின் குறுக்கே வரக்கூடாது, அதை மட்டும் விடாதீர்கள். சமைக்கிறவர் சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவே ஸ்டூலில் உட்கார்ந்த ஆளின் முதுகைச் சுற்றிப் போக வேண்டியிருந்தால், முதல் வாரத்திலேயே சண்டை வரும். ஃபிரிட்ஜ் முக்கோணத்தின் வெளி முனையில் இருந்தால் சாப்பிட வருகிறவர் உள்ளே நுழையாமல் பாலை எடுத்துக்கொள்ளலாம்.

அடுப்பையே கவுண்டர் திட்டில் வைத்து எதிரே ஆளை உட்கார வைப்பது படங்களில் அழகு. எண்ணெய் தெறிக்கும் சமையல் செய்கிற வீட்டில் அது வேண்டாம். வைத்தே ஆக வேண்டும் என்றால் அடுப்பின் பின் விளிம்புக்கு அப்பால் குறைந்தது 23 செ.மீ. மேடை இருக்க வேண்டும் என்பது முன்பு சொன்ன என்கேபிஏ வழிகாட்டுதல், குழந்தை உட்காரும் என்றால் நான் அதை இரண்டு மடங்காக்குவேன், கூடவே ஒரு கண்ணாடித் தடுப்பும் வைப்பேன். சிங்க் என்றால் ஆபத்தில்லை, குழாயைத் திறக்கும்போதெல்லாம் எதிரே இருப்பவரின் தட்டில் தண்ணீர் தெறிக்கும், அவ்வளவுதான்.

மேல் பலகை. எல்லாரும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள், நான் கடைசிக்குப் பக்கத்தில் வைக்கிறேன். மார்பிள் வேண்டாம், ஒரே வார்த்தை. மார்பிள் சுண்ணாம்பு வகைக் கல், எலுமிச்சை, ஆரஞ்சு ஜூஸ், காபி, தக்காளி என்று காலையில் சிந்தும் எல்லாமே புளிப்பு, அந்த அமிலம் பட்ட இடம் பளபளப்பு போய் மங்கலாகும். அது கறை இல்லை, அரிப்பு; துடைத்தால் போகாது. சீலர் (கல்லின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) பூசினாலும் கறையைத்தான் தடுக்கும், அரிப்பைத் தடுக்காது. கிரானைட் அமிலத்துக்கு அசையாது, வெளிர் நிறம் என்றால் மட்டும் சீலர் வேண்டும். குவார்ட்ஸ் என்று விற்பது எடையில் ஏறக்குறைய 90 சதவீதம் கல் துகளும் மிச்சம் பிசினும் சேர்த்து அழுத்தியது, கறை பிடிக்காது, ஆனால் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பாத்திரத்தை நேராக வைத்தால் பிசின் நிறம் மாறும், விரிசலும் விடலாம். அதை வெட்டும்போது வரும் சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுப்பது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. குவார்ட்ஸோ கிரானைட்டோ, பட்டறையிலேயே தண்ணீர் ஊற்றி வெட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள், உங்கள் கூடத்தில் வைத்து உலர்வாக வெட்ட விடாதீர்கள், உங்களுக்காக மட்டுமில்லை, வெட்டுகிறவருக்காகவும்.

மரம் எனக்குப் பிடிக்கும். காலைக் குளிரில் முழங்கையை வைத்தால் கல் சுரீர் என்றிருக்கும், மரம் இருக்காது, தட்டு வைக்கும் சத்தமும் குறைவு, தூங்குகிறவர் உள்ள வீட்டில் அது ஒரு பெரிய நன்மை. சிங்க்கிலிருந்து தள்ளி இருந்தால் போடலாம், வருஷத்தில் சில தடவை எண்ணெய் பூச வேண்டும். பட்ஜெட் குறைவு என்றால் லேமினேட் ஒட்டிய பிளைவுட். அதில் மேல் பக்கம் ஒன்றும் ஆகாது, விளிம்புதான் எதிரி, அங்கே தண்ணீர் இறங்கினால் உப்பிக்கொள்ளும், விளிம்புப் பட்டையை நன்றாக ஒட்டச் சொல்லுங்கள்.

கல் என்றால் எடையை மறக்காதீர்கள். 3 செ.மீ. கிரானைட் ஒரு சதுர மீட்டர் சுமார் 80 கிலோ. 180 செ.மீ. நீளத்தில் 38 செ.மீ. வெளியே நீட்டினால் தொங்கும் பகுதி மட்டும் 55 கிலோ வரும், அதன் மேல் இரண்டு ஆள் முழங்கை ஊன்றுவார்கள், ஒரு குழந்தை ஏறியும் உட்காரும். 3 செ.மீ. கல்லுக்கு 25 செ.மீ. வரை, 2 செ.மீ. கல்லுக்கு 15 செ.மீ. வரை தாங்கல் இல்லாமல் விடலாம், அதற்கு மேல் இரும்பு பிராக்கெட் அல்லது கால் வேண்டும். உட்காரக் கூடிய எந்தக் கவுண்டருக்கும் முழங்கால் இடம் 30-க்கு மேல் என்பதால், தாங்கல் இல்லாமல் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கல்லுக்கு அடியில் அலமாரி மேல் பதித்துத் தட்டையாக நீளும் இரும்புப் பட்டை முழங்காலில் இடிக்காது. முக்கோண பிராக்கெட் போட்டால் இரண்டு ஸ்டூலுக்கு நடுவில் வரும்படி போடச் சொல்லுங்கள், வேலையாட்கள் பெரும்பாலும் சமமாகப் பிரித்து ஒன்றைச் சரியாக முழங்காலுக்கு நேரே வைத்துவிடுவார்கள்.

மின்சாரம். கெட்டில் 2000 வாட், டோஸ்டர் 900, காபி மெஷின் 1300 என்று வைத்தால் மூன்றும் சேர்ந்து 4200 வாட், 230 வோல்ட்டில் 18 ஆம்பியருக்கு மேல் போகும். ஒரு 16 ஆம்பியர் பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் பெட்டி போட்டு மூன்றையும் மாட்டினால் காலை அவசரத்தில் டிரிப் ஆகும், ஆகாவிட்டால் இன்னும் மோசம், ஒயர் சூடாகும். காலைச் சாதனங்களுக்குத் தனி ஒயர் இரண்டு இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) பாதுகாப்புக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். இவை கவுண்டரில் வேண்டாம், கவுண்டருக்கு எட்டும் தூரத்தில் சுவரோர மேடையில் ஒரு காபி மூலையாக இருக்கட்டும், கோப்பை, சர்க்கரை, ஸ்பூன் அதன் மேலேயே. கெட்டில் ஒயர் கவுண்டர் விளிம்பில் தொங்குவதை நான் எந்தக் குழந்தை வீட்டிலும் ஒப்புக்கொள்வதில்லை. கவுண்டரில் போன் சார்ஜுக்கு ஒரு பாயிண்ட் போதும், அதுவும் பக்கவாட்டில், மேல்பரப்பில் துளைத்துப் பதிப்பதில் வேண்டாம், ஒருநாள் பால் அதில் இறங்கும்.

விளக்குக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். தொங்கும் விளக்கு என்றால் கவுண்டருக்கு மேல் 75 முதல் 90 செ.மீ., 2700 அல்லது 3000 கெல்வின் (மஞ்சள் சாயலான) வெளிச்சம், தனி ஸ்விட்ச். ஐந்தரைக்கு எழுந்து வருகிறவர் வீடு முழுக்க வெளிச்சம் போடாமல் அது ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு உட்காருவார்.

ஸ்டூலில் நான் பார்ப்பது மூன்றே விஷயம்: முதுகுக்குச் சாய்மானம் உண்டா, கால் வைக்கும் கம்பி பலகையிலிருந்து 40 முதல் 45 செ.மீ. கீழே இருக்கிறதா, நாலு காலும் அகலமாக ஊன்றி நிற்கிறதா. கம்பி இல்லாத உயர ஸ்டூலில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் யாராலும் உட்கார முடியாது, கால் மரத்துப் போகும். ஒற்றைத் தண்டில் சுழன்று ஏறி இறங்கும் ஸ்டூல் பெரியவர்களுக்கு விளையாட்டு, குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாது. ஸ்டூலை முதலில் வாங்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு அதற்குத் தக்கபடி கவுண்டர் உயரத்தை முடிவு செய்யுங்கள், கல்லைப் பொருத்திய பிறகு 3 செ.மீ. மாற்ற முடியாது, ஸ்டூலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், ஆனால் பிடித்த ஸ்டூல் சரியான உயரத்தில் கிடைப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

உங்கள் வீட்டுக்கு என்று கேட்டால், நாலு பேர் ஆளுக்கொரு நேரம் என்பதால் இரண்டு இருக்கை, 120 செ.மீ. நீளம், ஃபிரிட்ஜ் பக்கம். முதியவரோ ஐந்து வயசுக்குக் குறைந்த குழந்தையோ இருந்தால் 76, இல்லாவிட்டால் 91. மூன்றாவது ஸ்டூல் விடுமுறை நாளுக்கு வேண்டுமென்றால் அடுக்கி வைக்கும் வகையில் ஒன்று வாங்கி வேறு அறையில் வையுங்கள். எதையும் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால், வீட்டில் உயரம் மாற்றக்கூடிய இஸ்திரி மேசை இருந்தால் அதைத் தூக்கிவந்து நீங்கள் நினைக்கும் இடத்தில், நினைக்கும் உயரத்தில் நிறுத்துங்கள். மேலே ஒரு பலகையைக் கட்டி, நாலு நாள் காலை அதில் சாப்பிடுங்கள், சமைக்கிறவர் வழக்கம்போல் வேலை செய்யட்டும். யார் எங்கே இடிக்கிறார்கள், யார் இரண்டாம் நாளே பழைய மூலைக்குத் திரும்பிவிட்டார்கள் என்று தெரிந்துவிடும். இஸ்திரி மேசை கொஞ்சம் ஆடும், சுடு தண்ணீரை மட்டும் அதன் மேல் வைக்காதீர்கள். அந்தத் தாளும் இந்தச் சோதனையும் முடிந்ததும், அறையின் நீள அகலமும் ஜன்னல், ஃபிரிட்ஜ், சிங்க் எந்தெந்தப் பக்கம் என்பதும் சொல்லுங்கள், கவுண்டர் எந்தச் சுவரில் வரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.